விறகுக் கொட்டகையும் 75 சதவீதமும்: ஒரு மலை ஊரின் வீட்டு வரி

2022 ஆடி மாதம், நீலகிரியில் நான் குடியிருக்கும் ஊரில், பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் ஒரு வீட்டுக்கு வரி நோட்டீஸ் வந்தது. அரையாண்டுக்கு 1,860 ரூபாய் கட்டி வந்த வீடு. இனி 3,255 ரூபாய். வீட்டுக்காரர் மூடிப்போன தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், வயது 71. மாத ஓய்வூதியம் 2,000 ரூபாயைத் தொடாது. தெருவில் பலருக்கும் மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம் என்பதால் நோட்டீஸை மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தக் கணக்கு சரிதானான்னு பாருப்பா."

கணக்கு சரிதான். 1,860-உடன் அதில் 75 சதவீதத்தைக் கூட்டினால் 3,255 வரும். தப்பு வேறோர் இடத்தில் இருந்தது. அதைத் தேடிப் போனதில்தான் இந்த வரி எப்படி உயர்கிறது, யார் அதற்கு எல்லை வைக்கிறார்கள், அந்த எல்லை யாரைக் காக்கிறது என்பதெல்லாம் எனக்கே விளங்கியது. அந்த வீட்டையும் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளையும் மூன்று ஆண்டுகள் கவனித்து வைத்த குறிப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

உயர்வு எங்கிருந்து வந்தது

பலரும் நினைப்பதுபோல் நகராட்சி தானாக உட்கார்ந்து முடிவு செய்த உயர்வு அல்ல இது. நூல் பிடித்துப் போனால் முதலில் 2021 ஆகஸ்ட் 9-க்குப் போக வேண்டும். அன்றுதான் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். 2020-21-ல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய். கடனைப் பங்கு போட்டால் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். அந்த இரண்டாவது எண் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. இதோடு, ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கு மத்திய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு உறுதி சொன்ன இழப்பீடு 2022 ஜூன் 30-உடன் முடிய இருந்தது.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தரப்படுகிறது. பெரிய பானையில் தண்ணீர் குறைந்தால் சின்னச் சொம்புக்கு வருவதும் குறையும். சரி, அப்போது உள்ளாட்சிகள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்ற பேச்சு தானாக எழும்.

இரண்டாவது நூல் டெல்லியிலிருந்து வருகிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் பரிந்துரைத்தபோது சொத்து வரி பற்றி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும். அப்புறம், வரி வசூல் மாநில உள்நாட்டு உற்பத்தி (மாநிலத்தில் ஓராண்டில் உண்டாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பு) வளரும் வேகத்தில் ஆண்டுதோறும் வளர வேண்டும். இல்லையென்றால் மானியம் இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமும் சொத்து வரிச் சீர்திருத்தத்தைக் கேட்டது.

இவை இரண்டும் சேர்ந்து 2022 மார்ச் கடைசியில் அரசாணை ஆயின. அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள், 4-ல் தலைவர்கள் தேர்வானார்கள். ஒரு மாதம்கூட முடியவில்லை, விகிதங்கள் எழுதப்பட்ட அரசாணை மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் வார்டு கவுன்சிலர் அப்போதுதான் தெருவிளக்குப் புகார் எழுத நோட்டு வாங்கியிருந்தார். மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆனால் எண்ணை மாற்றும் இடம் அந்த மன்றத்தில் இல்லை.

சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு வந்த அளவு இது. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம். 601 முதல் 1,200 வரை 50. 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100. கடைகளுக்கு 100, தொழிற்சாலைக்கும் சுயநிதிப் பள்ளி கல்லூரிகளுக்கும் 75. பெரும்பாலான வீடுகள் முதல் இரண்டு படிகளில்தான் வரும் என்று அரசு விளக்கம் சொன்னது. ஏப்ரல் தொடக்கத்தில் எதிர்க்கட்சிகள் தெருவுக்கு வந்து போராடின.

படியில் ஓரடி

இந்த அளவுகளைப் படித்தால் சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்று நியாயமாகத்தான் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இது வருமான வரி போல அந்தந்தப் படிக்குள் வரும் பகுதிக்கு மட்டும் போடும் கணக்கு அல்ல. வீடு எந்தப் படியில் விழுகிறதோ, அந்தச் சதவீதம் முழு வீட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் தெருவில் பழைய வரி, அரையாண்டுக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். 1,200 சதுர அடி வீட்டுக்கு 1,800 ரூபாய் இருந்தது. 50 சதவீதம் கூடினால் 2,700. பக்கத்து வீடு 1,201 சதுர அடி என்றால் பழைய வரி 1,801 ரூபாய் 50 காசு. அதற்கு 75 சதவீதம் கூட, 3,152 ரூபாய் 63 காசு ஆகிறது. ஒரே ஒரு சதுர அடிக்கு அரையாண்டில் 450 ரூபாய்க்கு மேல். ஒரு செருப்பு ஜோடி வைக்கும் இடம் அது.

சமவெளியில் இது ஓரளவு தாங்கும். அங்கே மனையும் சதுரம், வீடும் சதுரம், அளவு தெளிவு. மலையில் வீடு அப்படி இருப்பதில்லை. சரிவில் கட்டிய வீட்டில் முன்பக்கம் ஒரு தளம், பின்பக்கம் இறங்கிப் போனால் இன்னொரு அறை. குளிருக்கு அடைத்த கண்ணாடி வராந்தா. விறகு நனையாமல் வைக்க ஒரு கொட்டகை. கோழிக் கூண்டு ஒட்டிய ஒரு சாய்ப்பு. எதையெல்லாம் கட்டடப் பரப்பில் சேர்ப்பது என்பது அளந்தவர் கையில் இருந்தது. பழைய பதிவேட்டில் எப்படி எழுதினார்களோ, அதுவே இப்போதும் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1993-ல் மலை வாசஸ்தலங்களுக்கான கட்டட விதிகள் வந்த பிறகு இங்கே ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதுகூட எளிதில்லை. 'மாஸ்டர் பிளான்' என்று சொன்னாலே எங்கள் ஊரில் பெருமூச்சு வரும். மண் சரியும் மலைக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அனுமதி கிடைக்காமல் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டவர்களின் வீடு பதிவேட்டில் இன்றைக்கும் பழைய அளவிலேயே இருக்கிறது. 1,600 சதுர அடி இருக்கும், ஏட்டில் 1,100. அவருக்கு 50 சதவீதம். எதையும் மறைக்காத பெரியவருக்கு 75. உள்ளதைச் சொன்னவர் கூடுதலாகக் கட்டும்படி ஒரு வரி அமைந்துவிட்டால் அடுத்த முறை யார் உள்ளதைச் சொல்வார்கள்?

இல்லாத கொட்டகை

சரி, பெரியவர் வீட்டுக்கு வருவோம். பதிவேட்டில் அவர் வீடு 1,240 சதுர அடி. மூன்றாவது படி. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு இழுத்து அளந்தாலும் 1,150-க்கு மேல் வரவில்லை. 90 சதுர அடி எங்கே போனது?

அவர் மனைவிதான் ஞாபகப்படுத்தினார். "அவலாஞ்சியில பேய் மழை பெஞ்சுச்சே, அந்த வருஷம் பின்னாடி விறகுக் கொட்டகை சரிஞ்சு போகலையா?"

2019 ஆகஸ்ட். அந்த மாதம் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனால் பின்பக்க மண்ணோடு கொட்டகையும் கீழே போனது. அங்கே இப்போது பேரிக்காய் மரம் ஒன்று மட்டும் சாய்ந்தபடி நிற்கிறது. கொட்டகை போய் மூன்று வருஷம் ஆகியும் ஏட்டில் அது உறுதியாக நின்றுகொண்டிருந்தது. அதுதான் பெரியவரை 1,200-க்கு மேலே தள்ளியது.

கொட்டகையைக் கழித்தால் 1,150 சதுர அடி. பழைய வரி 1,725 ரூபாய் ஆகியிருக்கும். 50 சதவீதம் கூட்டினால் 2,587 ரூபாய் 50 காசு. நோட்டீஸில் வந்த தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் 667 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 1,335. அவருக்கு அது இரண்டு பேரின் பிரஷர் மாத்திரைச் செலவு.

மனு எழுதினேன். ஏரியா பில் கலெக்டர் நல்ல பையன்தான், வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, நான் பார்த்தது போதாது, மேலேயிருந்து வந்து அளக்கணும். இப்போதைக்கு நோட்டீஸ்ல இருக்கிறதைக் கட்டிடுங்க, அப்புறம் நேர் செஞ்சுக்கலாம்" என்றார். கட்டினோம். வருவாய் ஆய்வாளர் மாறுதலாகிப் போனார். புதியவர் வந்தார். மறுபடி மனு. ஆணையருக்கு ஒரு பிரதி. வரி மேல்முறையீட்டுக் குழு என்று நகராட்சிச் சட்டத்திலேயே ஓர் அமைப்பு உண்டு, கவுன்சிலர்கள் உட்காருவது. அது எப்போது கூடும் என்று கேட்டு இன்னொரு மனு. கடைசியில் 2023 கோடை சீசன் முடிந்த பிறகு அளக்க வந்தார்கள். பேரிக்காய் மரத்தைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் அரையாண்டிலிருந்து அளவு திருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்று அரையாண்டுகளில் கூடுதலாகக் கட்டிய 2,000 ரூபாய் சொச்சம் திரும்ப வரவில்லை. திருத்திய நாளிலிருந்துதான் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைப் படிப்பவர்கள் அலுவலகத்தில் யாரோ லஞ்சம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆள் இல்லை, நேரம் இல்லை, பழைய ஏட்டைச் சரிபார்க்கும் வேலையை யாரும் முன்கூட்டிச் செய்யவில்லை. அளவுதான் வரியைத் தீர்மானிக்கிறது என்றால், முதலில் அளந்திருக்க வேண்டும், பிறகு உயர்த்தியிருக்க வேண்டும். வரிசை மாறிப்போனது.

14 வருஷ உறக்கம்

பெரியவர் தன் பழைய ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். 2008-09 ரசீது முதல் எல்லாம் இருந்தது. அவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் விஷயத்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது.

2018-க்கு முன் சென்னைக்கு வெளியே கடைசியாகச் சொத்து வரி திருத்தப்பட்டது 2008 ஏப்ரலில். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரே தொகை. 2018 ஜூலையில், உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு, அன்றைய அரசு உயர்த்தியது: சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதத்துக்கு மிகாமல், கடைக்கு 100 சதவீதத்துக்கு மிகாமல். பெரியவர் வீட்டுக்கு 1,860 என்பது 2,790 ஆனது. மூன்று அரையாண்டுகள் கட்டினார். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய 2,790 ரூபாய் அடுத்து வந்த ஒன்றரைத் தவணைக்குக் கழிந்தது. மறுபடி 1,860. அப்புறம் 2022.

ஆக, 14 ஆண்டுகளில் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், மறுபடி ஓர் ஏற்றம். நடுவில் முழு உறக்கம். அந்த 14 ஆண்டுகளில் டீசல் விலை நிற்கவில்லை, துப்புரவுத் தொழிலாளர் சம்பளம் நிற்கவில்லை, பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் மின்கட்டணம் நிற்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டேன். 2022-ன் 75 சதவீத உயர்வை 14 ஆண்டுகளுக்குப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் எவ்வளவு வரும்? ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம்தான். 50 சதவீதம் என்பது ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 25 சதவீதம் என்பது 1.6. முழுதாக இரட்டிப்பான பெரிய வீட்டுக்குக்கூட 5 சதவீதம் சொச்சம். இந்த எண்களைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வருஷத்துக்கு எழுபது எம்பது ரூபா ஏத்தியிருந்தா நான் உன்கிட்ட வந்திருக்கவே மாட்டேனே" என்றார்.

அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. உயர்த்தாமல் வைப்பதை நாம் கருணை என்று எண்ணிக்கொள்கிறோம். தேர்தல் வருகிறது, உயர்த்த வேண்டாம். வெள்ளம் வந்தது, உயர்த்த வேண்டாம். அப்படி அணையில் தேக்கிய தண்ணீரை, அரசுக்குப் பணமுடை வந்த வருஷத்தில், ஒரே நாளில் திறந்துவிடுகிறோம். கீழே நிற்பவர் 71 வயதுக்காரர்.

தெருவின் இன்னும் இரண்டு வீடுகள்

கீழ்முனையில் ஓர் அக்காவின் வீடு. 420 சதுர அடி. அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். தோட்டத்து லைனில் இருந்தவர்கள் பின்னால் இங்கே சின்னதாக இடம் வாங்கிக் கட்டினார்கள். 630 ரூபாய் வரி, 25 சதவீதம் கூடி 788 ஆனது. அவர் முணுமுணுக்கவில்லை. "தண்ணி வருது, லைட்டு எரியுது, கட்டாம எப்படி?" என்றார். முதல் படியை 25 சதவீதத்தில் நிறுத்தியது நல்ல முடிவு என்பதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அவர் வரி கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு வரி ரசீது அவருக்கு ஆவணம். கூடலூர்ப் பக்கம் இது இன்னும் ஆழமான விஷயம். 1969-ன் ஜன்மி (பழைய நிலக்கிழார்) நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆவது பிரிவின் கீழ் சிக்கிக் கிடக்கும் நிலங்களில் பட்டா கிடைக்காமல் தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வரி ரசீது நில உரிமைக்குச் சான்று ஆகாது என்று சட்டம் சொல்லும். ஆனாலும் கையில் உள்ள ஒரே முத்திரைக் காகிதம் அது என்றால், அதன் விலை என்ன ஆனாலும் மனிதர் கட்டுவார், ஆட்சேபனை மனு போட மாட்டார். மனு வரவில்லை என்பதை வைத்து மக்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மலையில் பெரிய தவறு.

மேல்முனையில் உள்ளது 2,300 சதுர அடி பங்களா. உரிமையாளர் சமவெளியில் இருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், சீசனில் தினவாடகைக்குப் போகும். ஏட்டில் அது குடியிருப்பு. 3,450 ரூபாய் இரட்டிப்பாகி 6,900. மே மாதத்தில் அந்த வீட்டின் இரண்டு நாள் வாடகையில் அரையாண்டு வரி முடிந்துவிடும். அதை வணிகக் கட்டடமாக வகைமாற்றினால் நகராட்சிக்கு இதைவிட அதிகம் வரக்கூடும். சுற்றுலாப் பயணிகள் விட்டுப்போகும் குப்பையை அள்ளுவதும், அவர்கள் குளிக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவதும் உள்ளூர்க்காரர் வரியில் நடக்கிறது. 2011 கணக்குப்படி உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430, குன்னூர் 45,494, கொடைக்கானல் 36,501. வந்து போகும் கூட்டம் இதைப்போல் பல மடங்கு. கொடைக்கானலில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே நகராட்சி வாகனங்களிடம் கட்டணம் வாங்குகிறது. அந்த வழி சரியான வழி. சுமையை ஏற்றுகிறவரிடமே கேட்கிறது.

எது அதிகமோ, எது குறைவோ

2022 தீர்மானங்களில் பலரும் படிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சொத்து வரி ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உள்நாட்டு உற்பத்தியின் கடந்த ஐந்து ஆண்டுச் சராசரி வளர்ச்சி விகிதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு உயரும் என்று.

ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்துவது நல்லது என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன். ஆனால் எவ்வளவு சிறிது? 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். 2008 முதல் 2022 வரை ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்திருந்தால் மொத்த உயர்வு 126 சதவீதம். அதாவது ஊரையே கலக்கிய 2022 படிகள் எல்லாவற்றையும்விட அதிகம். உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி என்பது விலைவாசியையும் சேர்த்த கணக்கு; அது வழக்கமாக 6-ஐத் தாண்டும். 10 சதவீதம் என்று வைத்தால் ஏழு ஆண்டு சொச்சத்தில் வரி இரட்டிப்பு. சென்னையில் மென்பொருள் நிறுவனங்களும் ஓசூரில் ஆலைகளும் வளர்ந்தால் மாநில உற்பத்தி உயரும். பச்சைத் தேயிலை விலை போதாது என்று 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் உண்ணாவிரதம் உட்கார்ந்த விவசாயிகளின் வருமானம் அதோடு உயர்ந்ததா?

எல்லை வைப்பது எப்படி என்பதற்கு வேறு ஊர்களில் நடந்ததையும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா 1978-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதமாகவும், அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராதபடியும் கட்டிப் போட்டது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. அப்போது மாநிலத்தின் கையில் உபரி இருந்ததால் தாங்கிக்கொண்டது. நியூயார்க் மாநிலம் 2011-ல், பெரிய பற்றாக்குறை இருந்த வருஷத்திலேயே, உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரித் தொகை ஆண்டுக்கு 2 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அதற்குமேல் உயரக் கூடாது என்று சட்டம் போட்டது. மீற வேண்டுமென்றால் 60 சதவீத வாக்கு வேண்டும். அதே ஆண்டு பள்ளிகளுக்கான மாநில உதவியையும் குறைத்ததால் பள்ளிகள் இரண்டு பக்கமும் இறுகின. மேலேயிருந்து உதவியைக் குறைத்துக்கொண்டே கீழே வரிக்குப் பூட்டுப் போட்டால் நசுங்குவது ஊரின் சேவைகள்தான்.

ஆனாலும் அந்தச் சட்டத்தின் ஒரு சொல் என்னை நிறுத்தியது. அங்கே 'எது குறைவோ'. இங்கே 'எது அதிகமோ'. குறைவோ என்றால் அது கூரை. அதிகமோ என்றால் அது தரை. அதற்குக் கீழே போக முடியாது, மேலே எவ்வளவும் போகலாம். மானியம் வேண்டுமானால் வசூல் வளர வேண்டும் என்றுதான் நிதி ஆணையம் கேட்டது. வசூல் வளர, விகிதத்தை உயர்த்துவது ஒரு வழி மட்டுமே. ஏட்டில் வராத 500 சதுர அடிகளைக் கொண்டுவருவதும், தினவாடகைப் பங்களாவை வகைமாற்றுவதும், பெரிய நிலுவைகளை வாங்குவதும் வசூலை வளர்ப்பவைதான். அவற்றுக்கு ஆள் வேண்டும், அளவை வேண்டும். சதவீதத்தைக் கூட்ட ஒரு தீர்மானம் போதும் என்பதால் அதுவே எளிதாகிவிடுகிறது.

நகராட்சி வாழ வேண்டும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வரியே வேண்டாம் என்பவன் அல்ல நான். உதகைக்கும் குன்னூருக்கும் 1866-லிருந்து நகராட்சி இருக்கிறது. மலையில் ஒரு நகராட்சி நடத்துவது சமவெளியில் நடத்துவது போன்றதல்ல. ஒரு தடுப்புச் சுவர் சரிந்தால் கீழே நான்கு வீடுகள். 2009 நவம்பரில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. குப்பை லாரி ஏறாத சந்துகளில் துப்புரவுப் பணியாளர்கள் தோளில் சுமந்து இறங்குகிறார்கள். அவர்கள் சம்பளம் பதினைந்தாம் தேதிவரை இழுத்தால் அந்த வெட்கம் எங்கள் எல்லோருக்கும்தான். அதனால்தான் உறைய வைப்பதை நான் எதிர்க்கிறேன்.

எங்கள் தெருவின் மூன்று வீடுகளை வைத்து நான் போட்ட கணக்கு இது. அதே 2022 சதவீதங்களை, படிக்குள் வரும் பரப்புக்கு மட்டும் போட்டிருந்தால், பெரியவரின் 1,240 சதுர அடி வீட்டுக்கு முதல் 600-க்கு 1,125 ரூபாய், அடுத்த 600-க்கு 1,350, மிச்சம் 40-க்கு 105. மொத்தம் 2,580. கொட்டகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குப் பெரிய அடி விழுந்திருக்காது. ஏட்டில் உள்ள தப்பு ஒருவர் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் போயிருக்காது. பங்களாவுக்கு 6,900-க்குப் பதில் 5,550 வந்திருக்கும், அது நகராட்சிக்கு நஷ்டம், உண்மைதான். அதைக் கடைசிப் படியின் சதவீதத்தைக் கூட்டியோ, தினவாடகையை வணிகமாகக் கணக்கில் எடுத்தோ ஈடு கட்டலாம்.

இதோடு, சொந்த வீட்டில் வாழும் வயதானவர்களுக்கு உயர்வின் ஒரு பகுதியைத் தள்ளி வைத்து, வீடு கைமாறும்போது வசூலிக்கும் வழி ஒன்று வேண்டும். மலை ஊர்களில் வீட்டின் மதிப்பு வெளியூர்ப் பணத்தால் ஏறுகிறது. விற்கிறவனுக்குத்தான் அந்த மதிப்பு பணம். அங்கேயே சாக நினைப்பவருக்கு அது வெறும் சுவர். ஆண்டு உயர்வுக்கு 6 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது என்று வைத்து, அதைத் தாண்ட வேண்டுமென்றால் மன்றம் காரணத்தைச் சொல்லி, எந்தச் சுவருக்கு, எந்தக் குழாய்க்கு என்று எழுதித் தீர்மானம் போடட்டும். அப்போது எங்கள் கவுன்சிலரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கும், அவரிடம் ஒரு பதிலும் இருக்கும்.

2023-ல் ஆண்டு உயர்வு நடைமுறைக்கு வரவில்லை. மறுபடி ஓர் உறக்கம் தொடங்குகிறதோ என்று பயந்தேன். 2024 செப்டம்பர் 27-ல் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. எங்கள் ஊரிலும் அக்டோபர் அரையாண்டுக்கு அதே 6 சதவீதம் வந்தது. பெரியவருக்கு 2,587 என்பது 2,743 ஆனது. 155 ரூபாய் கூடுதல்.

இந்த முறை அவர் என்னிடம் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும் என்று பில் கலெக்டர் சொல்லியிருந்தார். 130 ரூபாய் சொச்சம். தீபாவளிக்கு முந்தின வாரம், மழை விட்ட ஒரு காலையில், குடையை ஊன்றிக்கொண்டு நகராட்சி கவுண்டருக்கு நடந்தே போய்க் கட்டிவிட்டு வந்தார். ரசீதை என்னிடம் காட்டினார். பரப்பு என்ற இடத்தில் 1,150 என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, மடித்துப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தார்.